நான் வெட்டியெடுத்த பதினொரு விநாடி

தம்பி, இந்த உறைக்குள் கடிதத்தோடு ஒரு சின்ன யு.எஸ்.பி.யும் இருக்கிறது. அதை இப்போது கணினியில் செருகாதே. முதலில் இதை வாசி. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் கொண்டுபோய் விட அப்பா நான் பட்ட பாடும், நீ பின்கதவால் நழுவி மைதானத்துக்கு ஓடியதும் இரண்டு பேருக்கும் மறக்காது. பிரெஞ்சில் எழுதினால் என் பிழைகளைப் பார்த்துச் சிரிப்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு ஓரமாக வைப்பாய். இது மெல்ல வாசிக்க வேண்டிய கடிதம். தலை இடித்தால் நிறுத்து, தண்ணீர் குடி, பிறகு தொடர். ஒன்றும் அவசரமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அவசரம் இருக்கிறது. இன்று ஞாயிறு. செவ்வாய்க்கிழமை டிராஃப்ட். தொழில்முறை அணிகள் ஒவ்வொன்றாக எழும்பித் தங்களுக்கு வேண்டிய பல்கலைக்கழகப் பையன்களின் பெயரைச் சொல்லப் போகிறார்கள். உன் பெயரைக் கேட்பதற்கென்று ரொறன்ரோவிலிருந்து அம்மாவின் அக்காவும் பெரியப்பாவும் குடும்பமாக வருகிறார்கள். அம்மா நூறு மட்டன் ரோல்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

தலைக்கவசம் போட்டுக் கையில் பந்தோடு ஓடுகிற கனடிய ஃபுட்போலில் நீ ரன்னிங் பாக். அது என்னவென்று பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழு மாலை போனது. பந்தை வாங்கிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்கிற இடத்தில் ஓட்டை பார்த்துப் புகுந்து ஓடுகிறவன் என்றேன். அப்படியென்றால் எல்லோரும் அவனைத்தானே அடிப்பார்கள் என்று கேட்டார். ஆமென்றேன். வேறு வேலை கிடைக்கவில்லையா என்றார். எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான். உன்னை மருந்தாளர் ஆக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதும், அணியில் சேர்கிற படிவத்தில் நீ எனக்குத் தெரியாமல் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியதும் பழைய கதை. முதல் இரண்டு வருடம் நான் ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாம் வருடம் ஒரு மழைநாளில் உன்னை ஏற்றிப்போக வந்தவன், காரை விட்டு இறங்கிக் கம்பிவேலியோடு நின்று பார்த்தேன். நீ நாலு பேருக்குள் புகுந்து காணாமல் போனாய். பிறகு அந்தப் பக்கத்தால் வெளியே வந்து ஓடிக்கொண்டிருந்தாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். அடுத்த கிழமையே கமராவும் முக்காலியும் வாங்கினேன்.

என் நீலக் கொப்பியை நீ கண்டிருக்கிறாய், உள்ளே பார்த்ததில்லை. இந்த வருடம் உன்னோடு டிராஃப்டுக்கு நிற்கிற ரன்னிங் பாக் எல்லோரையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். வேகத்தை எவரும் பார்ப்பார்கள், நான் வேகம் குறைகிற இடத்தைப் பார்ப்பேன். கோதுமை விளைகிற பக்கத்துப் பையன் நாற்பது கெஜத்தை உன்னைவிட விரைவாக ஓடுவான், ஆனால் திரும்புவதற்கு முன் ஒரு குட்டி எட்டு வைப்பான், அதற்குள் ஓட்டை மூடிவிடும். ஒன்டாரியோக்காரன் ஒருவன் கடையில் பாண் வாங்கி வருகிறவன் மாதிரிப் பந்தை ஒற்றைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுவான். அவன் தவறவிட்ட பந்துகளைத் தனிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். கிழக்குக் கரையில் படிக்கிற ஒருவனுக்கு எல்லாத் திறமையும் உண்டு, ஆனால் நாலு வருடமாக அவனை மாடு மாதிரி ஓட்டிவிட்டார்கள். இனி அந்த முழங்கால் எத்தனை ஆட்டம் தாங்கும் என்று அணிகள் யோசிக்கும். உன்னை மூன்றாவதாகப் போட்டேன். மகன் என்பதற்காக முதலாவதாகப் போடவில்லை. இந்தக் கொப்பிக்குள் பொய் கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

உன் பெயருக்கு எதிரே எழுதியதைச் சொல்கிறேன். கை சின்னது, அது அம்மா பக்கத்துக் கை. ஓட்டை திறக்கும்வரை காத்திருப்பான். அடிபட்ட பிறகும் இரண்டு எட்டு எடுப்பான். விழுந்தால் முன்பக்கமாகத்தான் விழுவான். காப்பில் பயமில்லை, தலையைக் கொடுப்பான். காப்பு என்று நான் எழுதுவது, உங்கள் அணியில் பந்தெறிகிறவனை நோக்கி எதிராளி பாய்ந்து வரும்போது நீ குறுக்கே போய் நிற்பதை. நல்ல ரன்னிங் பாக்குகளில் பாதிப்பேருக்கு அது பிடிக்காது, ஒதுங்கப் பார்ப்பார்கள். ஆள் எடுக்க வருகிற அணிக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மார்ச் மாதச் சோதனை முகாமில் உன்னைவிட இருபது கிலோ கூடின ஒருவனுக்கு முன்னால் நீ திரும்பத் திரும்பப் போய் நின்றபோது வரிசையாக இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அதை மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து, தலையைக் கொடுப்பான் என்ற வரிக்குக் கீழே பச்சை மையால் இரண்டு கோடு போட்டேன்.

நான் சென்ட் லோரன்டில் செய்கிற வேலையைப் பற்றி நீ பெரிதாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. விமானம் இறங்கும்போது ஊன்றுகிற கால்களுக்குப் போகிற உலோகத் துண்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. துண்டை ஒரு சாயத்தில் தோய்த்துக் கழுவி, இருட்டறைக்குள் ஊதா விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. வெடிப்பு இருந்தால் அந்த விளக்கில் பச்சை நூல் மாதிரி மினுங்கும். மினுங்கினால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குவேன். மினுங்காவிட்டால் என் இலக்கம் பொறித்த முத்திரையைக் குத்துவேன். இருபது வருடத்துக்கு மேலாக இதைச் செய்கிறேன். வெடிப்பைக் கண்டுவிட்டு ஒரு துண்டுக்கும் நான் முத்திரை குத்தியதில்லை. அது வேலையில்.

போன ஒக்ரோபர், இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு சனிக்கிழமைப் பகல். நான் மேல் வரிசையில் கமராவோடு நின்றேன். பந்தெறிகிறவனுக்கு முன்னால் நீ போய் நின்றாய். ஓடிவந்தவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான், நீயும் குனிந்தாய். இரண்டு தலைக்கவசமும் மோதிய சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. நீ முன்பக்கமாக விழவில்லை. மல்லாந்து விழுந்தாய், கை ஒன்று விறைத்து மேலே நீட்டியபடி நின்றது. பிறகு எழும்பினாய். எழும்பி மற்ற அணி இருக்கிற பக்கத்துக்கு நடக்கத் தொடங்கினாய். உன் கூட்டாளி ஒருவன் தோளில் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோனான். எல்லோருடைய கண்ணும் பந்து போன இடத்தில் இருந்தது, அதனால் உன் பக்கத்து ஆட்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வெடிப்புப் பார்க்கிறதுதானே என் தொழில். கொஞ்ச நேரத்தில் உன்னிடம் பந்து வந்தது, நீ உன் வாழ்க்கையிலேயே சிறந்த ஓட்டத்தை ஓடினாய். சனம் எழும்பி நின்று கத்தியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் உங்கள் மகனா என்று பிரெஞ்சில் கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஓடி இறங்கி உன் அணி வைத்தியரிடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் நான் அவளுக்கு உன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காரில் வரும்போது நாங்கள் வென்றோமா என்று கேட்டாய். வென்றோம் என்றேன். கொஞ்சத் தூரம் போனதும் அதையே கேட்டாய். மூன்றாம் தரம் நீ கேட்டபோது நான் வானொலியைப் போட்டேன். வீட்டு வாசலில் சத்தி எடுத்தாய். மைதானத்தில் தின்ற பூட்டின், அந்தச் சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல், ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், அவரும் இரண்டு நாள் பூட்டினைத் திட்டிக்கொண்டு திரிந்தார். அடுத்த நாள் உன் அணியின் பிசியோப் பெண் போன் எடுத்தாள். நீ நடந்த விதத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும், தலையிடி, மயக்கம், வாந்தி ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நீ திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அறைக்குள் கிடந்தாய். மூன்று தட்டுப் புட்டு சாப்பிட்டுவிட்டு நல்ல நித்திரை என்றேன். பின்னேரம் நீ எழும்பி வந்து என்னிடம் கேட்டாய்.

"அப்பா, எனக்கு நேற்று என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. சின்னத் தட்டு. உடனை எழும்பி ஓடினனீ. ஒருத்தருக்கும் சொல்லாதை, ஆக்கள் பாக்கிற வருசம்."

தலை உன்னுடையது. அதற்கு என்ன நடந்தது என்று உனக்கே நான் சொல்லவில்லை. உன்னுடைய வீடியோத் தொகுப்பைச் செய்தபோது அந்தப் பதினொரு விநாடியை வெட்டினேன். அந்த ஓட்டத்தை முதலாவதாக வைத்தேன். பிறகு அணிக்காரர்களின் நேர்முகத்துக்கு நீ போவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் இருந்து மெல்லச் சொன்னாய், அந்த ஓட்டம் உனக்கு ஞாபகமே இல்லை, ஓடும்போது என்ன கண்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று. உற்சாகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டு, இடது பக்கத்தவன் எப்போது விலகினான், நீ ஏன் காத்து நின்றாய், யாரைப் பார்த்து உள்ளே வெட்டித் திரும்பினாய் என்று சோதனைக்குப் பாடமாக்குவிப்பது போலச் சொல்லித் தந்தேன். நீ சின்ன வயதில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி எனக்கு ஒப்புவித்தாய். மறுநாள் சந்தோசமாக வந்தாய். மைதானத்தை வாசிக்கிற கண் இவனுக்கு இருக்கிறது என்று பாராட்டினார்களாம். அவர்கள் பாராட்டியது என் கண்ணை.

இந்த மாதத் தொடக்கத்தில் மேற்கு மாகாணத்து அணிக்காரர், அந்த நரைத்த மீசைக்காரர், கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்கே வந்தாரே, அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா புதுத் தேநீர்க் கோப்பைகளை எடுத்தார். சோபாவுக்கு உறை மாற்றினார். வடையும் ரோல்சும் தட்டில் அடுக்கினார். நீ சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார், கையை விரிக்கச் சொன்னார், குடும்பத்தில் என்ன நோய் என்று விசாரித்தார். உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார், தலையில் எப்போதாவது பலத்த அடி பட்டதா, தகப்பனுக்குத் தெரியாமல் இருக்காது என்று. ஒருநாளும் இல்லை என்றேன். வாய் அதைச் சொன்னபோதுதான் என் கண்ணுக்கு அந்த மேசை தெரிந்தது. அதே மாதிரிக் கோப்பைகள், அதே மாதிரி வடைத்தட்டு, அதே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருந்த ஒரு பிள்ளை. இப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருந்து நான் முன்பும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

உன் வதனி மாமியின் படம் சுவரில் இருக்கிறது. இருதய வருத்தத்தில் செத்தவர் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். என் தங்கச்சிக்கு இருதயத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. இங்கே வந்த பிறகு வைத்தியர் தந்த குளிசைகளால் அது அடங்கியிருந்தது. சென்ட் லோரன்டில் இரண்டறை வீட்டில் அவளும் நானும் இருந்தோம். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, நான்தான் அவளுக்கு எல்லாம். எங்கள் ஆட்களின் முறை உனக்குத் தெரியாது. தங்கச்சியைக் கரைசேர்த்த பிறகுதான் தமையன் கலியாணம் கட்டலாம். உன் அம்மாவை எனக்குப் பேசி வைத்து, அவர் கொழும்பில் இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். அப்போது ரொறன்ரோவிலிருந்து வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் நல்ல பொருத்தம் என்றார்கள். பெண் பார்க்க ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். பிள்ளைக்கு வருத்தம் ஏதும் உண்டா என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். தடிமன்கூட வராது என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

வதனிக்கு அதில் விருப்பமில்லை. சொல்லிவிட்டுக் கட்டுவோம் அண்ணை, அந்தாள் நல்லவர் மாதிரித் தெரிகிறார் என்று இரண்டு தரம் கேட்டாள். ஒருத்தருக்கும் சொல்லாதை என்றேன். உனக்குச் சொன்ன அதே சொல்தான். அவளுடைய குளிசைகளை ஒரு விற்றமின் போத்தலுக்குள் கொட்டி என் கையாலேயே பெட்டியில் வைத்தேன். கலியாணம் முடிந்து ஐந்தாம் மாதம், ஒரு பட்டப்பகல், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் குளித்தவள் வெளியே வரவில்லை. மாமியார் கூடத்தில்தான் இருந்திருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், தலை முழுகுகிறாள் என்று நினைத்தாராம். பயந்து பயந்து ஒளித்துக் குடித்ததில் அவள் குளிசையைக் கிழமைக்கணக்காகத் தவறவிட்டிருக்க வேண்டும். செத்தவீட்டில் அந்தப் பிள்ளை, அவளுடைய புருசன், என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தான்.

"அண்ணை, டொக்டர் வலிப்பு எண்டு சொல்லுறார். உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லைத் தம்பி. எங்களுக்கும் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா நான் கதவைப் பூட்ட விட்டிருக்கமாட்டன், அண்ணை."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொன்னான். அவனுக்கு நான் இன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அம்மா வந்தார், கலியாணம் நடந்தது, நீ பிறந்தாய். தங்கச்சி எதனால் செத்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இருதயம் என்றேன், சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. நோய் அவளைக் கொல்லவில்லை, தம்பி. அந்த வீட்டில் எதற்குக் காவல் இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் நான் செய்துவைத்தேன், அதுதான் கொன்றது. இப்போது உன்னையும் அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்ப நின்றேன். உன் புது அணியில் உன்னை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் கவனிக்க ஒன்றுமில்லை என்று தகப்பன் சொல்லியிருக்கிறான்.

அந்த மீசைக்காரர் போன பிறகும் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எட்டு நாளைக்கு முதல், ஒரு சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்ல இல்-பிசாரில் இருக்கிற என் கூட்டாளி வீட்டுக்குப் போனோம். நீதான் கார் ஓட்டினாய். அவருடைய தெருவைத் தாண்டி, கோடையில் லாவலுக்குப் படகு போகிற துறைவரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாய். படகு இன்னும் தொடங்கவில்லை, துறையில் ஒருவரும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, நாங்கள் ஏன் இஞ்சை வந்தனாங்கள் அப்பா என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், சும்மா பகிடி என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அது பகிடி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெயில் கண்ணாடியை நீ வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிவதும், பால் வாங்க மூலையிலிருக்கிற டெபனர் கடைக்குக் காரில் போய் நடந்து திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் காரைத் தேடிப்போய் எடுத்து வந்தவன் நான்தானே.

வியாழக்கிழமை வேலையில் ஒரு துண்டில் பச்சை நூல் மினுங்கியது. மயிரளவுதான், விளிம்பில். சிவப்பு அட்டை கட்டினேன். அந்தத் துண்டுக்கு அவசரமாக ஆட்கள் காத்திருந்தார்கள், மேற்பார்வையாளர் வந்து இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார், இது வெறும் கீறலாக இருக்கலாம் என்றார். கண்டதைக் காணவில்லை என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டு அந்த இருட்டில் இருந்து அழுதேன். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, இனியும் பார்க்கமாட்டாய் என்று நினைக்கிறேன், ஆனால் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னுடையதை மட்டுமில்லை, வதனியினுடையதையும். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசித் தண்டுவரை ஆய்ந்து முடித்தார். தான் காத்திருந்த கலியாணம் எதன் மேல் நடந்தது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிற மனுசிக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? மீசைக்காரருக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்று எழும்பினேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

"அந்தாளிட்டைப் பேந்து சொல்லலாம். முதல்லை பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. வதனியையும் நீங்கள் கேக்கேல்லை."

அவர் சொன்னது சரி. அதனால்தான் எவருக்கும் போன் பண்ணாமல் இதை எழுதுகிறேன். நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு அந்த மீசைக்காரர் போன் பண்ணுவார். டிராஃப்டுக்கு முதல் நாள் குடும்பத்தோடு ஒருதரம் கதைப்பது தன் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ வந்து அந்தப் போனை எடுத்தால் நல்லது. உனக்குத் தெரிந்ததை நீயே சொல்லலாம், வீடியோவை அனுப்பலாம், டிராஃப்டிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லலாம், எப்படியும் விளையாடுவேன் என்றும் சொல்லலாம். நீ வராவிட்டால் நான் எடுப்பேன். அவர் கேட்டால் இந்தத் தடவை கண்டதைச் சொல்வேன். புதன்கிழமைக்கு மூளை வைத்தியர் ஒருவரிடம் அம்மா நேரம் எடுத்து வைத்திருக்கிறார், அதற்கு மட்டும் கட்டாயம் போ. ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் போகலாமாம். அதற்கு என்னிடமும் விளக்குக் கிடையாது. ஆகவே உனக்கு நடப்பதை, மறப்பதை, இடிப்பதை, கூசுவதை நீதான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டு உன் கனவு என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பாதி என்னுடையது. முதலில் பந்து விளையாட்டோ என்று நக்கலாகக் கேட்டவர்கள் இப்போது தம்பி எந்த அணிக்குப் போகிறார் என்று விசாரிக்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சிக்காக உன்னை விற்றேன். உன் பெயர் செவ்வாய்க்கிழமை கேட்காமல் போனால் அந்தப் பழி என்னுடையது, பெரியப்பாவுக்கும் நானே சொல்கிறேன். ரோல்ஸ் எப்படியும் தின்னப்படும். நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு ஒரு பெண் வந்தாலும், பிள்ளை வந்தாலும், உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களிடம் உன் வருத்தத்தை ஒளிக்காதே. ஒளிக்கச் சொல்கிறவன் உன்னில் உயிரையே வைத்திருக்கிறவனாக இருந்தாலும் கேட்காதே.

இனி அந்த யு.எஸ்.பி. அதில் பதினொரு விநாடிதான் இருக்கிறது. நீ மோதுகிறாய், விழுகிறாய், எழும்பி மற்ற அணியின் பக்கத்துக்கு நடக்கிறாய். அணிக்காரர்கள் அதைக் காணக்கூடாது என்று வெட்டியதாக இவ்வளவு நேரமும் எழுதினேன். அது பாதிதான். சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார். கமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவன் கத்துவது கேட்கும். நீ மல்லாந்து கிடக்கிறாய், உன் கை விறைத்து மேலே நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே அவன் உன்னை அதட்டுகிறான். எழும்படா, எழும்பு, ஆக்கள் பாக்கினம் என்கிறான். அவ்வளவு சனத்துக்குள் அது உன் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல் முடிகிற இடத்தில்தான் நீ அசைகிறாய். பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து அந்தக் குரலுக்கு எழும்பிப் பழகினவன் நீ. போனில் என்ன சொல்வது என்பது உன் முடிவு. ஆனால் அந்தக் குரலுக்கு மட்டும் இனி எழும்பாதே, தம்பி.

அப்பா